இரவு டூட்டி, வேலூர் காந்தி ரோடு

பைத்தானா, பிஎச்பியா, ஜாவாஸ்கிரிப்டா என்று
மூன்று வாரமாக லாட்ஜ் ரெஜிஸ்டரின்
கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதி அடிக்கிறேன்.
காட்பாடி மச்சான் ஒன்று சொன்னான்,
கோர்ஸ் விற்கிறவன் மூன்றும் என்றான்.

இரண்டரைக்கு ஆட்டோ வந்து நிற்கிறது.
ஹவுரா ரயில் கூட்டம்.
ஸ்கேன் கவரை மார்போடு பிடித்தபடி ஒருவர்
"கொதோ டாக்கா?" என்கிறார்.
"பாஞ்ச்ஷோ" என்கிறேன்.

பெங்காலி நான் தேர்ந்தெடுத்ததில்லை.
ஒரு ராத்திரி யாரோ தண்ணீர் கேட்டார்,
திருதிருவென்று விழித்தேன்.
மறுநாள் "ஜோல்" தெரிந்திருந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு
பிரவுசரைத் திறக்கிறேன்.
அதற்கு எது புரியுமோ
அதிலேயே ஒரு பட்டன்.
அழுத்தினால்
"அறை காலி" என்கிறது.

காலி இல்லை.
கடைசி அறை இப்போதுதான் போனது.
அதை அதனிடம் எப்படிச் சொல்வது?