பதினோரு அடி

திற்பரப்பு விளைக்குள் ஜேசிபி இறங்காது.
கிணற்றுக்குக் குறித்த இடத்தில்தான்
பாறையும் கிடந்தது.

அயனிக் கவையொன்றைப் பிளந்து
இரண்டு கால்கள்.
குறுக்கே கோழிக்கூட்டின் பழைய சட்டம்,
நாலிஞ்சு ஆணி,
அடித்ததில் மூன்று வளைந்தன.

குளச்சலிலிருந்து பெர்க்மான்ஸ்
கரமடிக் கயிறு கொண்டுவந்தான்.
நெத்திலி வாடைக்கு
இரண்டு பூனைகள் பின்னாலேயே.

நெம்பி ஏற்றினோம்.
பாட்டெல்லாம் வேண்டாம்,
எண்ணினால் போதும் என்றாள் ஸ்டெல்லாபாய்.
ஒன்று. ரெண்டு.
மூக்கு மண்ணைக் குடைந்து நின்றது.
"கலப்பையல்லவா செய்திருக்கிறோம்!"

இறக்கி,
கால்முனை இரண்டையும்
வள்ளத்தின் அணியம்போல
மேல்நோக்கிச் செதுக்கினான் பெர்க்மான்ஸ்.
கடல்காரனுக்குத் தெரியாதா
மூக்கு எங்கே நிமிர வேண்டுமென்று.
நான் வாழைத்தடைகளை
வழுக்கும் பக்கம் மேலாக விரித்தேன்.

ஒன்று. ரெண்டு.
உறக்கத்தில் யாரோ பல் கடிப்பதுபோல்
ஒரு சத்தம்.
பிறகு வந்தது,
எங்கள் கணுக்காலைத் துரத்திக்கொண்டு.

பதினோரு அடி.
அதற்குள் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழை.

கல் கிடந்த குழியில்
வெளுத்த வேர்கள், ஒரு தேள்.
சாயங்காலத்துக்குள் முழங்கால் தண்ணீர்.
கிணறு பாதி வெட்டியாயிற்று
என்று சிரித்தாள்.

மாதம் மூன்றாகிறது.
சறுக்கு இன்னும் அதன் அடியில்தான்.
மேலே துணி துவைக்கிறாள்.
பாதிவழியில் நிற்பதில்
கல்லுக்கு ஒன்றும் வெட்கமில்லை.
கயிறு கேட்டுத்தான்
தினமும் போன் வருகிறது.