ஒன்பதாவது கம்பிக்கு

பெடல் இருந்தால் காலே பார்த்துக்கொள்ளும்.
மிதித்தால் ஒரு கம்பி ஏறும், விட்டால் இறங்கும்.
பெடலுக்கு என்னிடம் காசில்லை.
மடியில் கிடத்தி வாசிக்கும் வெறும் பலகை இது,
தோட்டப்பாளையம் மரவாடியில்
யாருடைய வாசற்காலுக்கோ அறுத்து
அளவு தவறி மிஞ்சிய வேங்கை.
பத்துக் கம்பி.
எது எந்தச் சுரமென்று
உட்காரும் முன்பே முடிவாகிவிட வேண்டும்.
அப்புறம் எஃகு உருளையைச் சாய்த்துச் சாய்த்துக்
கெஞ்சலாம், அவ்வளவுதான்.

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில் லாட்ஜ்.
இரவு ரிசப்ஷன் நான்.
(பத்துக் கம்பி, பத்து அறை என்று
பொருத்தம் பார்க்காதீர்கள்.
எங்களிடம் பதினெட்டு அறை,
இரண்டில் தண்ணீர் வராது.)

பன்னிரண்டு மணிக்கு மேல்
தண்ணீர்க் கேன் ரசீதின் முதுகில்
பென்சிலால் எழுதிப் பார்ப்பேன்.
மெல்லியதிலிருந்து ப, க, ஸ, த,
மறுபடி ப, க, ஸ, த,
எல்லாவற்றுக்கும் அடியில் தடியாக ஒரு ஸ.
அதற்கு முந்தைய ஒன்பதாவது மட்டும்
இருபது நாளாகக் கேள்விக்குறி.
மத்யமம் வைத்தால்
பக்கத்து வீட்டுக்கு ஒரு கதவு.
பஞ்சமம் வைத்தால் கீழே கனம் சேரும்.
கைசிகி நிஷாதம் வைத்தால்
மொத்தப் பலகையும் செருப்பை மாட்டிக்கொண்டு
கிளம்பத் தயாராக நிற்கும்.
மூன்றும் வேண்டும். கம்பி ஒன்று.
இதில் மே மாதம் வேறு.
கரண்ட் போய் விசிறி நின்றால்
பத்தும் இறங்கும்,
ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு.

இருநூற்றேழில் ஷெஃபாலி கர்,
ஊர் கிருஷ்ணநகர், கணவருக்கு இதய வால்வு.
வெந்நீருக்கு பிளாஸ்க்கோடு இறங்கி வந்தவர்
என் மடியைப் பார்த்து நின்றுவிட்டார்.
ஹவாயன்? என்றார்.
கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருவில்
பாதிப் பெண்கள் இதைத்தான் படித்தோம்.
ஆனால் ஆறு கம்பி.
மீதி நாலும் யாருக்கு?

ஒன்பதை விட்டுவிட்டு மற்றதை வருடிக் காட்டினேன்.
இது சிரிப்பா அழுகையா என்று கேட்டார்.
இந்தி போதாமல் விரலால் சொன்னேன்:
பத்தாவதைத் தட்டி மேலே மீட்டினால்
ஞாயிற்றுக்கிழமை.
எட்டாவதைத் தட்டி அதையே மீட்டினால்,
மேலே ஒரு சுரம்கூட மாறவில்லை,
ரிப்போர்ட் வாங்கக் காத்திருக்கும் வராந்தா.
குனிந்து, தானே தட்டிப் பார்த்தார்.
பத்து. எட்டு. பத்து. எட்டு.
மேசைமேல் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பதைத் தொட்டு, இது? என்றார்.
முடிவாகவில்லை.
கோமல் நி வையுங்கள்.
எனக்குப் புரியவில்லை.
புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு
பாடிக் காட்டினார்.
அட, கைசிகி! என்றேன்.
அது அவருக்குப் புரியவில்லை.
நானும் பாடவேண்டியதாயிற்று.
வாட்ச்மேன் பீடியோடு எட்டிப் பார்த்துவிட்டுப்
போனான்.

பதினோராம் நாள் காலையில் ஆட்டோ.
கணவர் மெலிந்து, மே மாதத்தில் மஃப்ளரோடு,
காட்பாடிக்கு இவ்வளவா என்று
டிரைவரிடம் வங்காளியில் சண்டை.
கணக்கு முடிந்து, சாவி ஆணியில் ஏறி,
வண்டி திரும்பும் நேரம்
தலையை வெளியே நீட்டி
ஒன்பது? என்றார் அந்த அம்மா.
நி வைத்தாயிற்று என்றேன்.
பொய்.

ரயில் ரேணிகுண்டா தாண்டுவதற்குள்
உண்மையாக்கிவிடலாமென்று
மத்யமத்தில் கிடந்ததை முறுக்கினேன்.
பஞ்சமம் சும்மா வந்தது.
தைவதத்தில் பலகை முனகியது.
இன்னும் அரைச் சுற்றுதானே என்றேன்.
அறுந்தது.
புறங்கையில் நீளமாக ஒரு கோடு,
டெட்டால் போட்டால் எரிந்தது.

சென்னையிலிருந்து கூரியர் வர நான்கு நாளாகும்.
தடித்த கம்பி ஒன்று மட்டும் தரமாட்டார்களாம்,
எடுத்தால் செட்டாகத்தான்.
அதுவரை ஒன்பது கம்பிதான் என்று
புது ரசீதைத் திருப்பினேன்.
ப, க, ஸ
வரை எழுதியிருந்தேன்.
இருநூற்றேழுக்கு மால்டாவிலிருந்து
ஒரு குடும்பம் வந்திருக்கிறது.
பெல்லை அடிக்கிறார்கள்,
கொசுவத்தி வேண்டுமாம்.