தொப்பூர் ஏற்றம், நூற்றுப் பதினாறு

மூன்றாவது வளைவு தாண்டும்போது முள் எழுந்துவிடும்.
நூறு. நூற்றெட்டு. நூற்றுப் பதினாறு.
எதிர்த்தடத்தில் இறங்கும் லாரிகளின்
பிரேக் தீய்ந்த வாடை ஜன்னலில் ஏற
ருக்சானா மிதியிலிருந்து காலை எடுப்பாள்.
நானூற்றைம்பது குதிரைகள்
புளிமூட்டை டெம்போவுக்குப் பின்னால்
நல்ல பிள்ளையாய் ஊர்ந்து
தருமபுரி வந்து சேரும்.

கார் எங்களுடையதல்ல.
கிருஷ்ணகிரியில் மலையை அறுத்து விற்கும்
தேவராஜுலுவுடையது.
பந்தயத் தடத்தில் இருபது சுற்று தாங்கணும் என்றார்.
தாங்காவிட்டால் எங்கள் பட்டறைக்கு
வேறு பெயர் வைப்பதாகவும் சொன்னார்.

பெரிய ரேடியேட்டர் போட்டோம்.
இன்னும் பெரியது போட்டோம்.
இரட்டை விசிறி. சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட்.
பானட்டின் பின்விளிம்பில் வாஷர் அடுக்கி
இரண்டு விரல் உயர்த்தி வைத்தோம்,
சூடு அப்படியே கண்ணாடியோரம் போய்விடும் என்று.
ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

"ஒகேனக்கல்லையே திருப்பி விட்டாலும்
இது அடங்காதுண்ணா" என்றான் திம்மராஜ்.
மாங்கூழ் ஆலையில் நான்கு பருவம்
கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவன்.
கொதிப்பைப் பற்றி அவன் பேசினால் கேட்டுக்கொள்வேன்.

யோசனை ருக்சானாவுடையது.
பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோரில்
ஆரஞ்சு கம்பளி நூல், ஓர் உருண்டை.
விரல் நீளத்துக்கு வெட்டி
அறுபத்து மூன்று துண்டு,
டேப் போட்டு பானட் முழுக்க ஒட்டினாள்.
டீக்கடையில் கேட்டார்கள்:
வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?

ஞாயிறு விடியல், சாலை காலி.
கடன் வாங்கிய இன்னோவாவைப் பக்கத்துத் தடத்தில் நான் ஓட்ட
செல்போனோடு திம்மராஜ் பாதி உடம்பு வெளியே.
எண்பதில் நூல்கள் விழித்தன.
நூறில் சீவிய தலைபோல் பின்னோக்கிப் படிந்தன.
ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் ஒரு திட்டு
எம்பி எம்பிக் குதித்தது.
கண்ணாடியை ஒட்டிய கடைசி வரிசை மட்டும்
திரும்பிக்கொண்டு
வண்டியின் மூக்கைப் பார்த்துத் துடித்தது.

ஓரம் கட்டினோம்.
படத்தை ஏழு முறை பார்த்தோம்.
கண்ணாடியில் மோதிய காற்று
எங்கள் இரண்டு விரல் சந்து வழியே
உள்ளே போய்க்கொண்டிருந்தது.
நாங்கள் திறந்துவைத்த புழக்கடை
அதற்குத் தலைவாசல்.
முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும்
என்ஜினுக்கு மேல் முட்டிக்கொள்ள,
நடுவே சூடு
போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு வருஷமாக நான் கேட்டதெல்லாம்
காற்றை எப்படிக் கொண்டுவருவது.
வந்தது எங்கே போகும் என்று
ஒரு தடவையும் கேட்கவில்லை.

வாஷர்களைக் கழற்றினோம்.
ரேடியேட்டரைச் சுற்றி விரல் நுழையும் இடமெல்லாம்
ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தோம்.
காற்று சோம்பேறி. சந்து கிடைத்தால்
செதில்களுக்குள் நுழைந்து கஷ்டப்படாது.
நூல்கள் குதித்த இடத்தில்
இரண்டு சாளரம் வெட்ட வேண்டும் என்றோம்.
மலையை அறுப்பவர்
ஒரு தகட்டை அறுக்க
மூன்று நாள் யோசித்தார்.

நான்தான் வெட்டினேன்.
கிரைண்டர் முதலில் தொட்டபோது
தள்ளிப் போய் நின்றுகொண்டார், முதுகைக் காட்டி.

சித்திரை, பகல் ஒன்றரை மணி.
மூன்றாவது வளைவு. தொண்ணூற்று மூன்று.
அதற்கடுத்தது. தொண்ணூற்று நான்கு.
ருக்சானா காலை எடுக்கவில்லை.
சாளரத்துக்கு மேலே மலை நெளிந்தது,
பாறை, கருவேலம், மின்கம்பம் எல்லாம்
தண்ணீருக்குள் கிடப்பதுபோல.
சூடு வெளியே போவதை
அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.
புளிமூட்டை டெம்போ எங்கோ பின்னால்.

மேலே ஏறி நிறுத்தினாள்.
வைப்பரில் ஓர் ஆரஞ்சு நூல் இன்னும் சிக்கியிருந்தது.
"தண்ணி அடங்கிடுச்சு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆயில் நூத்தி நாப்பது."
திம்மராஜ் எதுவும் சொல்லாமல்
டேப்பைத் தேடப் போனான்.