ஐம்பத்தேழா, தொண்ணூற்றேழா

மணலி புதுநகர், சரக்குப் பெட்டக நிலையம்,
நான்காவது ஷெட்.
பாகுவிலிருந்து வந்த மரப்பெட்டியின் ஆணிகளை
ஜெபராஜ் பிடுங்கும்போதே
முதலில் பாச்சை உருண்டை வாசனை இறங்கியது,
பிறகு ஆட்டு வாசனை,
பிறகுதான் கம்பளம்.

இன்வாய்ஸ் சொல்கிறது:
கலைப்படைப்பு. கம்பளி. எண்ணிக்கை ஒன்று.
ஐம்பத்தேழாம் அத்தியாயம் என்றால் விரிப்பு,
தொண்ணூற்றேழு என்றால் கலை,
தீர்வை வேறு வேறு.
நடுவில் நான், ஒரு லென்ஸ், ஒரு ஸ்கேல்,
செப்டம்பர் வியர்வை.

"மேடம், இது தரையில போடுறது இல்ல, சுவத்துல மாட்டுறது,"
என்கிறார் கிளியரிங் ஏஜென்ட் தணிகைமலை.
"ஆழ்வார்பேட்டையில வெள்ளிக்கிழமை திறப்பு விழா.
அழைப்பிதழ் அடிச்சாச்சு."
எந்தச் சரக்குக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

விரித்தோம். சிவப்பு.
மஞ்சிட்டி வேரின் சிவப்பு என்கிறது கூட வந்த தாள்.
வரிசை வரிசையாய் மாங்காய்கள்,
என் கல்யாணப் புடவைக் கரையில் இருப்பவைதாம்.
தாளில் அதன் பெயர் புட்டா.
ஜவுளிக்கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்,
ஆனால் அங்கே அது தீச்சுடராம்.
ஷெட் கதவுக்கு வெளியே
சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கியின் உச்சியில்
அதே வளைவோடு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.
அதை மாங்காய் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு, சிவப்புக்கு நடுவே திடீரென்று வெள்ளை.
சாயம் ஏறாத கம்பளி, கையகலம்.
கொஞ்சம் தள்ளி முழ நீளம்.
ஓரத்தில் பாதி மாங்காயைத் தின்றுவிட்டு இன்னொன்று.
பூச்சி அரித்ததோ என்று குனிந்தேன்.
இல்லை.
சேவிஞ்ச் என்ற ஓவியர்
பாகுவின் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து
மலைக்கிராமத்துத் தறியில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களுக்கு
பழைய டிசைன் ஒன்றை செல்போனில் வாசித்தாராம்:
சிவப்பு மூன்று, நீலம் ஒன்று, சிவப்பு இரண்டு.
சிக்னல் போன இடத்திலெல்லாம்
அவர்கள் வெள்ளையைப் போட்டார்கள்,
சிக்னல் திரும்பும்வரை.

லென்ஸை வைத்து எண்ணினேன்.
பத்து சென்டிமீட்டருக்கு நாற்பத்திரண்டு முடிச்சு, சிவப்பில்.
வெள்ளையிலும் நாற்பத்திரண்டு.
கேட்காத சொல்லுக்கும்
அதே இறுக்கம், அதே விரல், அதே கூலி
(கூலி பற்றித் தாளில் ஒன்றும் இல்லை).

உதவி ஆணையருக்குப் போன் போட்டேன்.
"ஒரே கேள்விதாம்மா. அது மேல நடக்க முடியுமா, முடி"
அங்கே அறுந்தது.
இந்தத் தகரக்கூரைக்குக் கீழ் யாருக்கும் டவர் கிடையாது.

ஷூவைக் கழற்றினேன். சாக்ஸையும்.
ஜெபராஜ் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.
வெள்ளையில் மட்டும் கால் வைத்து
மூலையிலிருந்து மூலைக்குப் போனேன்,
தெருவில் நின்ற மழைத்தண்ணீரில் செங்கல் செங்கலாய்த் தாண்டுகிற
வியாசர்பாடிக்காரி மாதிரி.
நடக்க முடிந்தது.
அதனால் அது கம்பளமா?
ஒரு அரசு அதிகாரி வெறுங்காலோடு தாண்டித் தாண்டிப் போனதால்
கலையா?

கடைசி வெள்ளையில் உள்ளங்கால் குறுகுறுத்தது.
ஒரு முடி. நரைத்தது, சாண் நீளம்,
முடிச்சுக்குள் சேர்த்து முடியப்பட்டது.
சிக்னலுக்குக் காத்திருந்த நேரத்தில்
நான்கு பேரில் ஒருத்தி குனிந்திருக்க வேண்டும்.
எவள் என்று தாளில் இல்லை, ஓவியருக்கு மட்டும்தான் பெயர்.
இன்வாய்ஸில் அறிவிக்கப்படாத பொருள்.
விதிப்படி நான் குறிப்பிட வேண்டும்.

திறந்து பார்க்கப்பட்டது, முடிச்சுகள் எண்ணப்பட்டன
என்று எழுதிவிட்டு
அத்தியாய எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு
டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
எண்ணூர்ப் பக்கம் போகிற ட்ரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
"என்ன மேடம், முடிவு?" என்றார் தணிகைமலை.
முதல் இரண்டு எழுத்துதான் காதில் விழுந்தது.
ஒரு கணம் திடுக்கிட்டேன்.