தூக்கி இழுக்கணும்

ஆழியாறு செக்போஸ்ட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு
வண்டியைக் கிளப்பும்முன் கருணாம்பிகை கேட்பாள்:
"டிராயரெல்லாம் சாத்தியாச்சுங்களா?"
ஆச்சு என்பேன்.
ஓட்டுவது அவள். சாத்துவது நான்.

பழைய கூரியர் வேன் இது.
வாங்கி ஆறு மாசம் ஆன பின்னும் பின்கதவில்
யாருக்கோ போய்ச்சேராத பார்சலின் முகவரித்தாள் ஒட்டியிருந்தது.
கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவர்
கட்டில், அடுப்பு, நாலு டிராயர் வைத்துக் கொடுத்தார்.
பட்டறையில் நின்றபோது சீர்வரிசை பீரோ மாதிரி அடக்கமாக இருந்தது.
தென்னிலை தாண்டவில்லை,
முதல் வேகத்தடையிலேயே கரண்டிகள் எட்டிப் பார்த்தன.

உக்கடத்தில் காந்தம் வாங்கி வைத்தேன்.
நேர்ரோட்டில் நல்ல பிள்ளை, வளைவில் கைவிட்டது.
திருப்பூர் மச்சினன் ஜட்டி எலாஸ்டிக்
ஒரு சுருளே கொடுத்துவிட்டான்.
கைப்பிடிக்குக் கைப்பிடி மாட்டினேன்.
ஒரு வாரம் விறைப்பாக இருந்தது,
பிறகு வீட்டோடு மாப்பிள்ளையாகச் சோம்பிப்போனது.
குழந்தைகளுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பூட்டு,
பசை காங்கயத்து வெயிலில் உருகி வழிந்தது.
கடைசியில் கீழ் டிராயருக்கு முழங்காலை முட்டுக்கொடுத்து
பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன்.

"அப்படி என்னங்க தங்கமா இருக்குது அதுல?"
"மிளகுத்தூள்" என்றேன்.

ஒன்பதாவது வளைவு.
பொள்ளாச்சி பஸ் பாதி ரோட்டைத் தின்றுகொண்டு இறங்கியது.
அவள் அழுத்திய பிரேக்கில்
என் முழங்கால் எங்கேயோ போனது.
கீழ் டிராயர் முழுசாகக் கழன்று
மிளகு, கத்தரிக்கோல், மாத்திரைப் பட்டை, ஈரத் தீப்பெட்டி
எல்லாம் கட்டிலுக்கடியில் பதுங்க
அது மட்டும்
இரண்டு இருக்கைக்கும் நடுவில் வழி கண்டுபிடித்துச் சறுக்கி
அவள் குதிகாலைத் தொட்டு
பிரேக் மிதிக்கு அடியில் நின்றது.

பஸ் போகும்வரை அவள் காலை எடுக்கவில்லை.
பிறகு கைப்பிரேக் போட்டுக் குனிந்து எடுத்தாள்.

சிங்காநல்லூர் வீட்டுச் சாவி.

பத்திரம் பதிந்த அன்று வாங்கினவரிடம்
"ரெண்டு சாவிதானுங்க" என்று நான் சொன்னபோது
பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

கீழே அணையில் தண்ணீர் குறைவு,
கரை மண் வரிவரியாகத் தெரிந்தது.
தடுப்புச் சுவரில் ஏறிய வரையாடு
எங்களைப் பார்த்து, சுவாரசியம் இல்லாமல் திரும்பிக்கொண்டது.
"பூட்டை மாத்தியிருப்பாங்க" என்றாள்.
"மாத்தியிருப்பாங்க."
"பிரேக்குக்கு அடியில போச்சுங்க."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வால்பாறையில் ஆசாரி எட்டியப்பன்
காந்தம், எலாஸ்டிக், கொக்கி அத்தனையும் கழற்றி
என் மடியில் போட்டார்.
சட்டத்தில் உளியால் அரைவிரல் பள்ளம்,
டிராயருக்கு அடியில் சின்னதாக ஒரு கட்டை.
சாத்தினால் பள்ளத்தில் போய்ச் சொட்டென்று உட்காரும்.
"இனித் தூக்கி இழுக்கணுமுங்க.
வளைவுக்கு இழுக்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது."
நூற்றைம்பது ரூபாய். டீயும் நாங்கள்தான்.

சாவியை அவள் எறியவில்லை.
மேல் டிராயரில் கரண்டிகளோடு போட்டாள்.
இப்போது ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
கரண்டிச் சத்தத்துக்கு நடுவே
ஒரு சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கிறது.
அவளுக்கும் கேட்கிறதா, விசாரித்ததில்லை.

போன மாசம் சரவணம்பட்டியில் மகள் வீடு.
தேக்கரண்டி எடுக்கப் போய்
சமையலறை டிராயரை ஒரு தூக்குத் தூக்கினேன்,
மேடையே அதிர்ந்தது.
"அப்பா, சும்மா இழுத்தாலே வருமுங்கப்பா."
வந்தது. ரொம்ப லேசாக.
கரண்டியை எடுத்துச் சாத்திவிட்டு
யாரும் பார்க்காதபோது
ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன்,
நிற்கிறதா என்று.