சாட்சிக்காரி சொன்ன சொல்

அம்பாறை நீதிமன்றத்தில் என் வேலை
தமிழில் விழுவதைப் பொறுக்கிச் சிங்களத்தில் கொடுப்பது.
பதினேழு வருடம்.
நாக்கு ரெண்டாய்ப் பிளந்தவன் என்று
சம்மாந்துறைச் சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.
கோபமில்லை. சம்பளம் அதற்குத்தான்.

அன்று ஒரு மரண விசாரணை.
நாவிதன்வெளிக்கு அப்பால், வட்டைக்குள்
காவலுக்குப் படுத்திருந்த கோபாலப்பிள்ளையை
ஆனை அடித்ததாகப் பொலிஸ் அறிக்கை.
சாட்சிக் கூண்டில் பெண்சாதி, தெய்வானைப்பிள்ளை.
கையில் பொலித்தீன் பை.
பைக்குள் அவருடைய டோர்ச் லைட்.

"ஆனை வாறது புதினமில்ல ஐயா.
மாசத்துக்கு நாலுதரம் வரும், போகும்.
வாடிக்குள்ள ஒம்பது மூடை நெல்லுக் கிடந்த.
ஒரு மூடையிலயும் தும்பிக்கை படயில்ல.
மனிசன மட்டும் அடிச்சிப்போட்டு
பசியில்லாமப் போயிருக்கு.
அதுதான் ஐயா புதினம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் எனக்கு.
அதற்குள் அந்தச் சொல்லின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

புதினம் என்றால் சேதி. பஸ்ஸில்
பக்கத்து ஆள் கேட்பானே, என்ன புதினம் என்று, அது.
ரெண்டு பேர் அடிபட்டால் ஓடிப்போய் நிற்கிறோமே
அதற்குப் பேர் புதினம் பார்த்தல்.
கைமாத்து வாங்கியவன் தானாய் வந்து திருப்பித் தந்தால்
அதைவிடப் புதினம் கிடையாது.
இந்தியாவிலிருந்து வந்த புத்தகம் ஒன்றின் அட்டையில்
இதே சொல்லைப் பெரிதாய்ப் போட்டிருந்தது;
அங்கே இது நெடுங்கதையாம்,
யாரோ இருந்து கட்டியது.

சிங்களத்தில் ஆரஞ்சி இருக்கிறது, அது வெறும் சேதி.
அமுத்து இருக்கிறது:
இப்படி நடக்கிறதில்லையே என்று
புருவம் ஒன்று மட்டும் ஏறுகிற சொல்.
புதும இருக்கிறது. அதிசயம், ஆச்சரியம்,
வாய்பிளந்து நிற்கிற சொல்.
புதுமவிலும் புது, புதினத்திலும் புது.
அக்கா தங்கச்சி போல ரெண்டுக்கும் ஒரே மூக்கு.
அந்த மூக்கில் ஏமாந்து
"புதுமய்" என்றேன்.

நீதவான் பேனையை நிறுத்தினார்.
கெட்ட மனுசனில்லை. மெல்லச் சிரித்தார்.
ஆனைகள் அதிசயமான பிராணிகள்தான், சொல்லுங்கள் அவவுக்கு, என்றார்.
சொன்னேன்.
கடைக்காரன் கொடுத்த மீதிச் சில்லறையை
எண்ணிப் பார்ப்பது போல
அவள் என் வாயைப் பார்த்தாள்.
"அதிசயம் எண்டு நான் சொல்லயில்ல" என்றாள்.
அதை நான் சிங்களமாக்கி முடிப்பதற்குள்
அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டு விட்டார்கள்.

காட்டு மிருகத் தாக்குதல்.
நட்டஈட்டுப் படிவம், மூன்று பிரதி.

மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்காமல்
பதிவறைக்குப் போனேன்.
ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்றேன்.
எந்தச் சொல், என்றார் லிகிதர் ஜயசுந்தர.
புதும இல்லை, அமுத்து.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ரெண்டும் ஒன்றுதானே, சேர்?"
கோப்பு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது, பச்சை நாடாவால்.
நானும் வற்புறுத்தவில்லை.
அதை எழுதாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனமில்லை:
நான் வற்புறுத்தவில்லை.

நாலு மணிக்குக் கல்முனை பஸ்.
ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தான்
மல்வத்தையில் வயல் செய்யும் உதுமாலெப்பை.
"என்ன காக்கா, கோட்டுப் பக்கம் புதினம்?"

ஒண்டுமில்ல, என்றேன்.

வெளியே, நிழல் இல்லாத தரிப்பிடத்தில்
தெய்வானைப்பிள்ளை பையிலிருந்து டோர்ச்சை எடுத்தாள்.
கண்ணாடியில் கீறல் கூட இல்லை.
அவ்வளவு வெயிலில்
அதை எரியவிட்டு,
எரிகிறதா என்று
உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.