சாட்சி நேரம்

எர்ணாவூரில் மொட்டை மாடி ஒன்றின்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எங்கள் சபை.
கிழக்கிலிருந்து காற்றடித்தால் கடல்,
மேற்கிலிருந்து என்றால் மணலி.
இன்று மணலி.

பெர்சியா அக்கா முதலில் எழுந்தாள்.
ஏழு வருசமாக வராத பட்டா வந்துவிட்டது.
அல்லேலூயா.
கீபோர்டில் ஜோயல் ஒரு கட்டை ஏற்றினான்.
இஸ்ரவேல் அண்ணனுக்கு ஆபரேஷன் இல்லாமலே
கல் கரைந்துவிட்டது.
அல்லேலூயா. இன்னொரு கட்டை.
திருடு போன ஸ்கூட்டிகூட
வியாசர்பாடி பாலத்தடியில் கிடைத்துவிட்டதாம்,
ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் இல்லாமல்.

நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டு மாதமாக இதே பாய், இதே ஓரம்.

நெகேமியாவுக்கு ஹார்பரில் லேஷிங் வேலை.
கப்பலில் பெட்டிமேல் பெட்டி அடுக்கியதும்
கம்பி மாட்டி முறுக்கி இறுக்குகிறவன்.
பாஸ்டர் ஒருமுறை அதைப் பிரசங்கத்தில் வைத்தார்,
விசுவாசம் என்பது அந்தக் கம்பி என்று.
வீட்டுக்கு வந்து
தோளில் தைலம் தேய்க்கச் சொல்லிச் சிரித்தான்:
"அந்தக் கம்பி இன்னா வெயிட்டுன்னு
அவருக்குத் தெரியாது சீலி."

அக்டோபர் மழையில் ஓர் இரவு
கம்பி விழவில்லை. பெட்டி விழவில்லை.
அவன்தான் விழுந்தான்.
கான்ட்ராக்டர் இரண்டு முறை வந்தார்,
ஒருமுறை ஆப்பிளோடு.
அப்புறம் போனை எடுக்கவில்லை.
மேலேயும் கூப்பிட்டுப் பார்த்தேன்.
ரிங் போகிறது. ரிங் மட்டும்.

நாற்பது நாள் உபவாசம் என்று தொடங்கினேன்.
இருபத்தேழாம் நாள் ஸ்டான்லி வாசலில்
பசி தாங்காமல் ரெண்டு இட்லி தின்றேன்.
அதனால்தானோ என்று
விடிய விடியக் கணக்குப் போட்டேன்.
ரெண்டு இட்லிக்கு
ஒரு மனுசனின் இடுப்புக்குக் கீழே மொத்தமுமா?
அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் என்றால்
அவரோடு எனக்குப் பேச்சே இல்லை.
அப்படி இல்லை என்றால்
பேச நிறைய இருக்கிறது.

இந்த நேரத்தில் யாரும் என் முகம் பார்ப்பதில்லை,
கடன் கேட்டுவிடுவேன் என்பதுபோல.
எழுந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டேன்.
மைக்கில் இன்னும் இஸ்ரவேல் அண்ணனின் கைச்சூடு.

"ஸ்தோத்திரம்.
நெகேமியா கால் இன்னும் ஆடல.
முதுகுல புண்ணு வந்துகீது.
தெனம் கேக்கறேன். பதிலு வரல.
நாளிக்கும் கேப்பேன்.
இதான் என் சாட்சி."

அல்லேலூயா வரவில்லை.
எந்தக் கட்டையில் இறங்குவதென்று தெரியாமல்
ஜோயலின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.
கீழே ரோட்டில் ட்ரெய்லர்கள்
ஹார்பர் கேட்டுக்கு வரிசையில் கிடந்தன,
எஞ்சினை அணைக்காமல்.

பின்னால் யாரோ எழும் சத்தம்.
போன மாதம் பிள்ளையைப் புதைத்த கிளாடிஸ்.
சாட்சியெல்லாம் முடிந்த பிறகே வருகிறவள்,
இன்று ஏனோ சீக்கிரம் வந்திருந்தாள்.
மைக்கை நீட்டினேன்.
வேண்டாம் என்று தலையசைத்தாள்.
உட்காரவும் இல்லை.
நின்றுகொண்டே இருந்தாள்.

பாதியில் இறங்கி வந்துவிட்டேன்.
ரெண்டு மணிக்கொருதரம் அவனைத் திருப்பிப் போட வேண்டும்.
"சாட்சி சொன்னியா?" என்றான்.
"சொன்னேன்."
"இன்னான்னு?"
"தோளைப் புடி மொதல்ல."

எழுபத்தோரு கிலோ இருந்தவன்.
இப்போது ஐம்பத்து நாலு.
அதுவும் கனம்தான்.
ஏசப்பா என்று சொன்னால்தான்
எனக்குத் தூக்க வருகிறது.
பழக்கமா, ஜெபமா,
நான் பிரித்துப் பார்க்கவில்லை.